பெயர்ப்பலகையும் உருளைக்கட்டையும்

காஜாங்கிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் பாலர் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் ‘மாண்டிசோரி’ என்ற பெயரைக் காணும் நம் பெற்றோரில் பலர், அது மேனாட்டுச் சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட ஆடம்பரம் என்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையோ நேர்விரோதமானது. இத்தாலி தேசத்து வைத்தியரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி ரோமாபுரியில் தம் முதல் பள்ளியைத் திறந்தது, சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பேட்டையில், தாய்தந்தையர் வேலைக்குப் போனபின் கேட்பாரற்றுத் திரிந்த குழந்தைகளுக்காகவே.

தமிழருக்கோ இதனோடு விசேஷ சம்பந்தமும் உண்டு. 1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்த அம்மையார், மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, பகை நாட்டுப் பிரஜையாகக் கருதப்பட்டு ஊர் திரும்ப இயலாதவரானார்; சிறைமுகாமில் அடைபட்டிருந்த குமாரர் மாரியோவை, அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று சர்க்கார் விடுவித்தது. யுத்தகாலத்தில் கோடைக்கானலில் வசித்தபோதுதான், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான ‘பிரபஞ்சக் கல்வி’ என்னும் திட்டம் அவர் கையில் விரிந்து வளர்ந்தது.

அம்மையாரின் கல்விமுறையின் ஜீவநாடியை அறிய ஓர் உபகரணம் போதும். நீண்ட மரக்கட்டையொன்றில் பத்துக் குழிகள். அவற்றில் அமர, மேலே சிறு குமிழ் பொருத்திய பத்து உருளைகள். மூன்று வயதுக் குழந்தை அவற்றை வெளியே எடுத்துக் கலைத்துவிட்டு மறுபடி பொருத்துகையில், சிறியதைப் பெரிய குழியில் போட்டுவிட்டால், இறுதியில் எஞ்சும் பெரிய உருளைக்கு இடமே இராது. “தப்பு” என்று ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை. கட்டையே சொல்லிவிடுகிறது, குழந்தையும் அவமானமின்றித் திருத்திக்கொள்கிறது. குறுக்கிடாமல் பார்த்திருக்கும் அந்தப் பொறுமை, நம்மில் பலருக்கு எளிதில் கைவராத வித்தை! உப்புக்காகித எழுத்தை விரலால் தடவிப் பழகும் பாடமும், நம் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியதற்கு ஒருவகையில் உறவுதான்.

‘மாண்டிசோரி’ என்னும் பெயருக்குச் சட்டக்காப்பு ஏதும் இல்லையாதலால், யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே பயிற்சித்தாளை நிரப்பும் இடத்தில் அப்பெயர் வெறும் அலங்காரமே என்பது என் அபிப்பிராயம். ஆகவே கட்டணம் செலுத்துமுன் அனுமதி பெற்று அரைமணி நேரம் வகுப்பில் அமர்ந்து, குழந்தை தானே எடுக்கத்தக்க உயரத்தில் அலமாரி இருக்கிறதா, எடுத்த வேலையை முடிக்க விடுகிறார்களா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.