சிறு தொழிற்சங்கத்தின் கையிருப்பு

சிறிய தொழிற்சங்கம் பெரும்பாலும் சந்தாவில்தான் நடக்கிறது. 200 உறுப்பினர்கள் மாதம் 50 ரூபாய் கட்டினால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சேரும். நன்கொடையும் வைப்புத்தொகை வட்டியும் சொற்பமே. சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துத் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டால் வசூல் தவறாது. ஆனால் தகராறு மூண்டால், பணம் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் பிடித்தம் நின்றுபோகலாம். ஆலை வாசலில் ரசீது போட்டு வாங்குவது சிரமம்தான். என்றாலும் ஒவ்வொரு உறுப்பினரையும் மாதம் ஒருமுறை பார்த்துப் பேசும் வாய்ப்பு அதில்தான் கிடைக்கிறது.

இப்படிச் சேரும் பணத்துக்கு ஒரு காலத்தில் சட்டப் பாதுகாப்பு இல்லை. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மீது ஆலை முதலாளியான பின்னி நிறுவனம் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. வேலைநிறுத்தத்துக்காகச் சங்கமே கடனாளியாகலாம் என்ற நிலை அது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், பதிவுபெற்ற சங்கங்களுக்கு இத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்பு அளித்தது. கூடவே கட்டுப்பாடும் விதித்தது. பொது நிதியை நிர்வாகம், தணிக்கை, வழக்கு, தொழில் தகராறு, உறுப்பினருக்கான உதவி போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்கே எடுக்கலாம் என்றது. அரசியல் செலவுக்குத் தனி நிதி வேண்டும். அதற்குப் பணம் தரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட உறுப்பினருக்கு உரிமை உண்டு. தணிக்கை செய்த ஆண்டறிக்கை பதிவாளருக்குப் போக வேண்டும்.

செலவு போக மிஞ்சுவதே இருப்பு நிதி. அது வேலைநிறுத்தக் காலத்தில் கூலி கொடுப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன சங்கம் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் கொடுத்தால் ஒரே நாளில் 60,000 ரூபாய் போய்விடும்; ஓராண்டுச் சந்தா முழுவதும் இரண்டு நாளுக்குத்தான் வரும். இருப்பின் உண்மையான பயன் வேறு. வேலைநீக்க வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை வழக்கறிஞருக்குக் கட்டணம், அலுவலகத்துக்கு வாடகை, வேலை இழந்தவர் வீட்டுக்குச் சிறு உதவி ஆகியவை தடைபடாமல் கிடைத்தாக வேண்டும். சங்கத்துக்குப் பணமில்லை என்று தெரிந்தால், எதிர்த்தரப்பு காலத்தைக் கடத்தியே வென்றுவிடும்.

ஆகவே சந்தா வராவிட்டாலும் குறைந்தது ஆறு மாதச் செலவைத் தாங்கும் தொகையைத் தனி வைப்பில் போடுவது நல்லது. வழக்கு நிலுவையில் இருந்தால் அதற்கெனத் தனியாக ஒரு தொகையும் வேண்டும். வைப்பை உடைப்பதைப் பொருளாளர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. செயற்குழுத் தீர்மானமும் இரண்டு பேர் கையெழுத்தும் தேவை. எடுத்த தொகையை எப்போது, எப்படி ஈடுகட்டுவது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும்.