வைஃபைக்கு பாஸ்வேர்ட் இருக்கு.. சுவத்துல இருக்குற லேன் போர்ட்டுக்கு? 802.1எக்ஸ் பூட்டு போடுவது எப்படி?

ஸ்ரீமுஷ்ணம் கடைவீதியில் ஒரு சின்ன ஆபீஸுக்குப் போறீங்கன்னு வைத்துக்கொள்வோம். வைஃபை பாஸ்வேர்ட் கேட்டால் தரமாட்டார்கள். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் ஒரு லேன் போர்ட் சும்மா கிடக்கும். அதில் கேபிளைச் சொருகினால், பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் அதே நெட்வொர்க்குக்குள் போய்விடலாம். வாசலில் பூட்டு, கொல்லைப்புறம் திறந்து கிடக்கிற கதைதான்.

நாசாவுக்கே நடந்தது!

நம்ம ஊருக்கு யார் வரப்போறாங்கன்னு நினைக்க வேண்டாம். நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் சுமார் 500 எம்பி டேட்டா திருடுபோனது 2018 ஏப்ரலில் தெரியவந்தது. அனுமதி இல்லாமல் நெட்வொர்க்கில் இணைக்கப்பட்டிருந்த 'ராஸ்பெர்ரி பை' என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்தான் இதற்கு வழியாக இருந்தது என்று 2019 ஜூனில் வெளியான நாசா இன்ஸ்பெக்டர் ஜெனரல் அறிக்கை சொன்னது.

போர்ட்டே கேள்வி கேட்கும்

இதற்கான தீர்வுதான் 802.1எக்ஸ். ஐஇஇஇ அமைப்பு 2001-ல் வெளியிட்ட தரநிலை இது. கேபிளைச் சொருகியதும் போர்ட் திறக்காது. 'நீ யாரு?' என்று கேட்கும். லேப்டாப் தரும் யூசர்நேம், பாஸ்வேர்டை ரூட்டர் அப்படியே 'ரேடியஸ்' சர்வருக்குத் தள்ளிவிடும். அங்கே ஓகே ஆனால்தான் உள்ளே விடும்.

செட்டிங் எப்படி?

வீட்டுக்கு வாங்கும் சாதாரண ரூட்டர்களில், லேன் போர்ட்டுக்கு இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. சிஸ்கோ, மைக்ரோடிக் போன்ற நிறுவனங்களின் ரூட்டர், சுவிட்ச்களில் மாடலைப் பொறுத்து உண்டு. சர்வருக்கு 'ஃப்ரீரேடியஸ்' இலவசம். பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று போதும்.

ரூட்டரில் அந்த சர்வரின் ஐபி முகவரி, இரண்டுக்கும் பொதுவான ஒரு ரகசிய வார்த்தை, 1812 என்ற எண் ஆகியவற்றைக் கொடுத்து 802.1எக்ஸை ஆன் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிஸ்கோவில் பொதுவாக ஆன் செய்த பிறகும், ஒவ்வொரு போர்ட்டும் 'எல்லாரையும் விடு' நிலையிலேயே இருக்கும். போர்ட் போர்ட்டாகப் போய் 'ஆட்டோ' என்று மாற்றினால்தான் பூட்டு விழும்.

அதுக்காக எல்லாத்தையும் மாத்திடாதீங்க! இன்டர்நெட் வரும் போர்ட், ரேடியஸ் சர்வர் இருக்கும் போர்ட் ரெண்டையும் தொடக்கூடாது. தொட்டால் மொத்த ஆபீஸும் வெளியே நிற்கும். முதலில் ஒரே ஒரு போர்ட்டில் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் 'வயர்டு ஆட்டோகான்ஃபிக்' சர்வீஸையும் ஆன் செய்ய வேண்டும்.

பிரிண்டர் என்ன செய்யும்?

பழைய பிரிண்டருக்கும் சிசிடிவி கேமராவுக்கும் பாஸ்வேர்ட் சொல்லத் தெரியாது. அவற்றை 'மேக்' முகவரியைப் பார்த்து உள்ளே விடுவார்கள். அந்த முகவரி பிரிண்டருக்குப் பின்னால் ஸ்டிக்கரிலேயே இருக்கும், காப்பியடிப்பது சுலபம். அதனால் இவற்றைத் தனி 'விலேன்' பிரிவில் போட்டு, பில்லிங் கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் தடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, உள்ளே அனுமதி பெற்ற கம்ப்யூட்டரிலேயே வைரஸ் இருந்தால் 802.1எக்ஸ் அதைக் கண்டுபிடிக்காது. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலைகளை இயக்கும் நெட்வொர்க் தனியாக இருந்ததால் அங்கே பாதிப்பு இல்லை என்றும் சொன்னது.