பெஞ்சு ஒன்று – சான்றிதழ் இரண்டு!

பெங்களூர்ச் சாலையிலே, வாணியம்பாடியைத் தாண்டிச் சென்றால் நாட்றம்பள்ளி. 2019 இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்து ஊர். தோலும் காலணியும் சோறு போடும் வட்டாரம். பொழுது விடிந்தால் தாய்மார் ஷூ கம்பெனிக்கு ஓடுவர். பிள்ளைகள் பள்ளிக்கு ஓடும்.

இந்த வட்டாரத்துக்கு எழுத்தறிவித்தது சர்க்கார் மட்டுமா? இல்லை! 1919 இல் வாணியம்பாடியிலே இஸ்லாமியாக் கல்லூரி கண்டனர் முஸ்லிம் பெருமக்கள். ஆம்பூரிலே கன்கார்டியாப் பள்ளியை நடத்தினர் லுத்தரன் திருச்சபையார். 1951 இல் திருப்பத்தூரிலே தூய நெஞ்சக் கல்லூரி எழுப்பினர் கத்தோலிக்கச் சலேசியத் துறவியர். நாம் பூசை அறியாதவர்கள், புனஸ்காரம் அறியாதவர்கள். ஆயினும், "எட்டி நில்" என்று ஊர் சொன்ன பிள்ளையை "கிட்டே வா, உட்கார்" என்றழைத்த கரத்தை மறக்கும் கயமை நம்மிடம் இல்லை.

கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளிலே ஒரு வழக்கம் உண்டு. மணி அடிக்கும். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒருபுறம்; அவர்களுக்கு ஞானோபதேசம். மற்றப் பிள்ளைகள் மறுபுறம், அவர்களுக்கு நீதிபோதனை. மதம் புகட்டுகிறார்களே என்று பதறுவோர் உளர். பதற வேண்டாம்! அரசு உதவி பெறும் பள்ளியிலே பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் மதபோதனையிலே உட்கார வைக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 28 ஆம் பிரிவு போட்ட பூட்டு அது.

நம்மைக் கவர்ந்தது வேறு. இரண்டு வகுப்பைக் கலைத்து, இரண்டு கூட்டமாக்கி, நேரம் முடிந்ததும் சிந்தாமல் சிதறாமல் மீண்டும் சேர்க்கிறார்களே ஆசிரியர்கள், அந்தக் கூட்டுவேலை! ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் என்பது சிறு பள்ளிகளுக்கு எட்டாக்கனி. ஆகவே, ஒருவர் கணக்கைக் கையிலெடுப்பார், மற்றவர் தமிழைத் தாங்குவார். வீட்டிலே தெலுங்கு பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை விழித்து நின்றால், அந்த மொழி தெரிந்த ஆசிரியர் பக்கத்து வகுப்பிலிருந்து வந்து கை கொடுப்பார். ஜெபம் சொல்லித் தரும் கன்னியரும், நெற்றியிலே குங்குமம் இட்ட டீச்சரும் ஒரே பாடக்குறிப்பை உட்கார்ந்து எழுதுவார்கள். மேடையிலே நாம் பேசும் சமதர்மத்தை அங்கே சாக்பீஸ் பேசுகிறது.

சாப்பாட்டிலும் அப்படித்தான். 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாள். ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் விரிந்ததே, எங்கே தொடங்கிற்று? திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலே, புனித அன்னாள் தொடக்கப் பள்ளியிலே! உப்புமா கேட்டதா, நீ ஞானோபதேசமா நீதிபோதனையா என்று?

உப்புமா கேட்கவில்லை. டில்லி கேட்கிறது!

ஒரே சேரி. ஒரே தோல் தொட்டியிலே இரண்டு தகப்பன்மார். ஒரே பெஞ்சிலே இரண்டு பிள்ளைகள். ஒருவன் தகப்பன் ஞானஸ்நானம் பெற்றவன், மற்றவன் தகப்பன் பெறாதவன். அவ்வளவே வேறுபாடு. ஆனால், தாலுகா ஆபீசு தரும் சான்றிதழிலே ஒருவன் ஆதிதிராவிடன், மற்றவன் பிற்படுத்தப்பட்டோன். முன்னவனுக்கு இந்த மாநிலத்திலே 18 சதவிகிதப் பங்கு, தனித் தொகுதி, 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவல் அத்தனையும் உண்டு. பின்னவன் பிற்படுத்தப்பட்டோர் வரிசையிலே போய் நிற்க வேண்டும். தனித் தொகுதி கிடையாது, அந்தக் காவலும் கிடையாது. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை செய்த வேலை! சீக்கியருக்கு 1956 இல் கதவு திறந்தார்கள், பௌத்தருக்கு 1990 இல் திறந்தார்கள். கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் மட்டும் தாழ்ப்பாள்.

மதம் மாறினால் சாதி மறையும் என்கிறார்கள். மறைந்ததா? நெல்லைச் சீமை வடக்கன்குளத்திலே, தேவாலயத்துக்குள்ளேயே சாதி பிரித்து நின்ற சுவர், 1910 இல் அல்லவா இடிந்தது! சுவர் இடிந்தது, சாதி இடியவில்லை. இன்றும் கல்லறைத் தோட்டத்தைச் சாதி பார்த்துப் பிரிக்கும் ஊர்கள் உண்டு. திருச்சபையாரே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். பள்ளியிலே ஒன்றாக்கியவர்கள் கல்லறையிலே பிரிக்கலாமா?

2023 ஏப்ரல் 19 இல், முதல்வர் மு.க. ஸ்டாலின் முன்மொழிய, மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் அந்த உரிமை வேண்டுமென்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. பட்டியலிலே சேர்க்கும் அதிகாரம் 341 ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கே. மாநிலம் கேட்கத்தான் முடியும். கேட்டிருக்கிறோம்.