கையிருப்பில் எத்தனை நாள்?

மிளகும் ஏலமும் மணக்கும் மட்டாஞ்சேரிக் கிடங்குத் தெருக்களுக்கு வேறொரு நினைவும் உண்டு. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், கொச்சித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் வேலை வேண்டி நாள்தோறும் கூடி நிற்பார்கள். கங்காணி கூட்டத்தை நோக்கி உலோக வில்லைகளை வீசுவார். 'சாப்பா' எனப்பட்ட அவ்வில்லை எவர் கையில் சிக்கியதோ அவருக்கு அன்று வேலை. ஏனையோர் வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டும்.

அம்முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ராஜீவ் ரவி இயக்கி 2023-இல் வெளிவந்த 'துறமுகம்' என்னும் மலையாளத் திரைப்படம் இவ்வரலாற்றைச் சொல்கிறது. துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து, அவர்களுக்கு ஒழுங்காக வேலை கிடைக்கச் செய்வதற்கான சட்டம் 1948-லேயே இயற்றப்பட்டிருந்தது. காலப்போக்கில் கொச்சியிலும் அதற்கென வாரியம் அமைந்தது.

அதே நகரின் காக்கநாட்டில் உள்ள இன்ஃபோபார்க் வளாகத்தில் இன்று முதல் வேலையில் சேரும் பட்டதாரியின் நிலை வேறு. ஆயினும், "இவ்வேலை போய்விட்டால்?" என்னும் அச்சம் அவரையும் உறங்கவிடுவதில்லை. தகுதிகாண் பருவம் முடியும்வரை மேலாளரின் ஒவ்வொரு மின்னஞ்சலும் நெஞ்சைப் படபடக்கச் செய்கிறது. இதனைக் கோழைத்தனம் என நாம் ஒதுக்கிவிடலாகாது. சம்பளம் நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாதபோது அச்சத்துக்கு எல்லை இருப்பதில்லை. துறைமுகத் தொழிலாளிக்கு அந்த விடை ஒரே நாளாக இருந்தது. நமக்கு அதனை நீட்டிக்கொள்ள வழி உண்டு.

மாதச் செலவு 18,000 ரூபாய் எனக் கொள்வோம். மூன்று மாதச் செலவுக்கு 54,000 ரூபாய் தேவை. சம்பளம் வந்த மறுநாளே 6,000 ரூபாய் தொடர் வைப்புக் கணக்குக்குச் சென்றால், ஒன்பதே மாதங்களில் அத்தொகை சேர்ந்துவிடும். அதுவரை வாகனம், கைப்பேசி ஆகியவற்றுக்கான புதிய தவணைகளைத் தள்ளிவைப்பது நலம்.

பணி நியமனக் கடிதத்தில் அறிவிப்புக் காலம் எவ்வளவு என்பதைப் படித்துக் குறித்துக்கொள்வோம். நிறுவனம் அளிக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையுடன் முடிந்துவிடும் என்பதால், தனியே ஒரு காப்பீடு இருத்தல் நன்று. வேலை மாறினாலும் வருங்கால வைப்பு நிதியின் பொதுக் கணக்கு எண் மாறுவதில்லை. அத்தொகையைக் கடைசிக் காப்பாகவே வைத்திருப்போம்.

கல்விக் கடன் உள்ளவர்கள் ஒன்றை மறக்கலாகாது. வேலையற்ற இடைக்காலத்தில் தவணையை ஒத்திவைக்க, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் இடமளிக்கிறது. தவணை தவறிய பின்னர் வருவதினும், தவறுமுன் கிளைக்கு வந்து நிலைமையைச் சொல்வதே நன்மை தரும். வீட்டாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. மகனோ மகளோ தனியே சுமக்கும் கவலையைப் பெற்றோர் எவரும் விரும்பார்.

வேலை நிலைக்குமா என்பதை நாம் மட்டும் தீர்மானிக்க இயலாது. கையிருப்பு எத்தனை நாள் தாங்கும் என்பதையோ இந்த மாதச் சம்பளத்திலிருந்தே நாம் கூட்டத் தொடங்கலாம்.