கடனுக்காகப் பூட்டப்பட்ட வீடுகளின் பராமரிப்பு

வீட்டுக் கடன் தவணை நின்றுபோனால், சர்பாசி எனப்படும் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வங்கி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, வழக்குத் தொடராமலேயே அடமானச் சொத்தைக் கையகப்படுத்தலாம். விளைநிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆகவே தஞ்சாவூர் போன்ற காவிரி டெல்டாப் பகுதிகளில் வயல் தப்பினாலும் வீடு பூட்டப்படக்கூடும்.

ஏலம் முடியும்வரை ஆளில்லாத வீட்டில் புதர் மண்டும். மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். பாதிப்பு அக்கம்பக்கத்தாருக்கே. கையகப்படுத்திய வீட்டைப் பொறுப்புள்ள உரிமையாளரைப் போல வங்கி அதிகாரி பாதுகாக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் கீழுள்ள விதி. கொசு உற்பத்தியாகும் இடத்தைச் சரிசெய்யுமாறு அறிவிப்பு அனுப்பவும், செய்யாவிட்டால் தானே செய்து செலவை வசூலிக்கவும் 1939-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. எனவே அக்கம்பக்கத்தார் வங்கிக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் எழுத்துமூலம் புகார் தரலாம்.