இலைக்கு விலை இல்லை, உழைப்புக்கு உண்டு

வீட்டை அழகுபடுத்தவும் அன்பளிப்பாகக் கொடுக்கவும் நம் கையாலேயே செய்யக்கூடிய பொருள்களைப் பற்றி இன்று பேசுவோம். கைவினை என்றதும் அலோர் ஸ்டாருக்கோ சுங்கைப்பட்டாணிக்கோ போய் மணி, ரிப்பன், பூத்தாள், பசை என்று பை நிறைய வாங்கி வரவேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு தீபாவளிக்காக வாங்கிய பொருளில் பாதி அடுத்த தீபாவளி வரை அலமாரியில் கிடக்கிறது. ஆகவே கடையை விட்டுவிட்டு, நம் வீட்டைச் சுற்றி என்ன கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

பெண்டாங் வட்டாரத்தில் நெல் வயலும் உண்டு, ரப்பர் மரமும் உண்டு. ரப்பர் இந்த மண்ணில் பிறந்த மரம் அன்று. பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களை நம்பித்தான் நம்மில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் கடல் கடந்து வந்தார்கள். அவர்கள் மரத்தின் பாலை எடுத்தார்கள். ஒட்டுப்பாலைக்கூட வீணாக்கவில்லை. காய்ந்த கிளையை விறகாக்கினார்கள். இலையை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை.

கெடாவில் ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வரும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிட்டுத் துளிர்விடும். அந்த வாரங்களில் பால் குறையும். பால் வெட்டுகிறவர்களின் வருமானமும் குறையும். கை இறுகும் அந்தக் காலத்தில் காலடியில் குவிந்து கிடக்கும் இலைதான் நம்முடைய மூலப்பொருள்.

இலை நரம்பு என்றால் என்ன?

பள்ளி நாட்களில் பாடப்புத்தகத்துக்குள் அரச இலையை வைத்து, அது வலைபோல் ஆகிறதா என்று தினமும் திறந்து பார்த்தவர்கள் நம்மில் பலர். இலையில் இருக்கும் பச்சைச் சதை மென்மையானது. நரம்பு மரத்தன்மை கொண்டது, எளிதில் அழுகாது. சதையை மட்டும் நீக்கிவிட்டால் மெல்லிய சல்லாத்துணி போன்ற நரம்பு வலை மிஞ்சும். இந்தியாவில் அரச இலை நரம்பின்மேல் தெய்வ உருவங்களை வரைந்து விற்கிறார்கள். நமக்கு வடக்கே தாய்லாந்தில் ரப்பர் இலை நரம்புக்குச் சாயம் ஏற்றி, பூவாகக் கட்டி வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். ரப்பர் இலைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரே காம்பில் மூன்று இலைகள் சேர்ந்திருக்கும். காம்புகள் இரண்டு எடுத்தால் ஆறு இதழ்கள் கிடைத்துவிடும்.

எந்த இலையை எடுப்பது?

முற்றிய, கரும்பச்சை இலையாகப் பாருங்கள். பூச்சி அரித்தது, புள்ளி விழுந்தது, ஓட்டை உள்ளது வேண்டாம். உதிர்ந்த இலை என்றால் அன்று விழுந்து இன்னும் வளையும் பதத்தில் இருக்கவேண்டும். சருகாகிவிட்டால் தேய்க்கும்போது நொறுங்கும். செம்பு நிறத்தில் வரும் துளிர் இலையும் உதவாது. நரம்பு பிஞ்சாக இருப்பதால் கிழிந்துவிடும். மரம் பிறருடையது என்றால் கேட்டுக்கொண்டு எடுப்பதே முறை.

நரம்பெடுக்கும் முறை

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி ஊறவைப்பது. வாளித் தண்ணீரில் இலைகளை மூழ்கவைத்து, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, மூன்று நான்கு வாரம் பொறுத்தால் சதை தானாக அழுகிக் கழன்றுவிடும். செலவே இல்லை, ஆனால் நாற்றம் இருக்கும். வாளிக்கு இறுக்கமான மூடி கட்டாயம் தேவை. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். கொசு பெருக இடம் கொடுப்பது 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றம். பூ செய்யப் போய் வீட்டுக்கு டிங்கிக் காய்ச்சலைக் கொண்டுவந்துவிடக் கூடாது.

இரண்டாவது வழி கொதிக்கவைப்பது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு, இலைகளை இட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை வைத்திருங்கள். பலகாரத்தில் போடும் சோடா மாவு வேறு, துணிக்குப் போடும் சலவைச் சோடா வேறு. இதற்குச் சலவைச் சோடாதான் வேண்டும். அலுமினியச் சட்டி கூடாது, சோடா அதை அரித்துவிடும். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மறுபடியும் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர் வற்றினால் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கையுறை அணிந்துகொண்டு, சன்னலைத் திறந்து வையுங்கள்.

சதை குழைந்ததும் இலையை நல்ல தண்ணீரில் அலசி, ஒரு தட்டில் விரித்து, பழைய பல்துலக்கியால் தட்டித் தட்டித் தேயுங்கள். நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்க்கவேண்டும். எதிர்ப்பக்கமாக இழுத்தால் வலை கிழியும். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேயுங்கள்.

வெண்மையாக வேண்டுமானால், துணி வெளுக்கும் திரவத்தில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, கால் மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். அதிக நேரம் விட்டால் நரம்பு வலுவிழக்கும். இந்தத் திரவத்தோடு காடியையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள்; நச்சுப் புகை கிளம்பும்.

நிறத்துக்குத் துணிச் சாயம் போதும். மஞ்சள் கரைத்த வெந்நீரில் போட்டால் பொன்னிறம் வரும், ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும். கெட்டியான தேநீர்ச் சாயம் பழுப்பு நிறம் தரும். பிறகு பழைய வெள்ளைத் துணிக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி உலர்த்துங்கள். நாளிதழுக்கு இடையில் வைத்தால் அச்சு மை இலையில் ஒட்டும். ஈரம் முழுவதும் போன பிறகே டப்பாவில் அடையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

என்னென்ன செய்யலாம்?

மிக எளிதானது சட்டம் போட்ட இலை. கருநீலம் அல்லது அரக்கு நிறத் தாளின்மேல் ஒரே ஓர் இலை நரம்பை ஒட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் வையுங்கள். கீழே பெயரும் நாளும் எழுதினால் திருமண நாள் பரிசு தயார்.

அடுத்தது விளக்கு. காலியான ஜேம் பாட்டிலைக் கழுவி, வெளிப்புறத்தில் வெள்ளைப் பசை தடவி இலைகளை ஒட்டி, மேலே இன்னொரு பூச்சுப் பசை கொடுங்கள். உள்ளே மின்கலத்தில் எரியும் சிறு விளக்கை வைத்தால் நரம்பு வலை சுவரில் நிழலாக விழும். இலை எளிதில் தீப்பற்றும் என்பதால் மெழுகுவத்தியோ அகலோ வேண்டாம்.

மூன்றாவது பூ. காம்புக்குக் கடைக் கம்பி தேவையில்லை, தென்னை ஈர்க்கு போதும். ஓர் இலையைக் கூம்பாகச் சுருட்டி ஈர்க்கின் நுனியில் நூலால் கட்டினால் மொட்டு. அதைச் சுற்றி இரண்டு இலை, அதற்கு வெளியே மூன்று இலை. ஒவ்வொன்றின் அடியையும் சற்றுக் கொசுவிக் கட்டுங்கள். கட்டிய இடத்தைப் பச்சை நாடாவால் சுற்றிவிட்டால் ஆறு இதழ்ப் பூ முடிந்தது.

ரப்பர் விதையையும் மறக்கவேண்டாம். ஒன்றோடொன்று வைத்து உடைத்தும், தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் கையில் வைத்தும் விளையாடிய அதே புள்ளி போட்ட விதைதான். கழுவி, பல நாள் வெயிலில் காயவைத்து, சிறு துளை போட்டுத் தூண்டில் நரம்பில் கோத்தால் சன்னல் தோரணமாகும். பச்சைப் பருப்பில் நச்சு உண்டு. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையை எப்படிப் போடுவது?

நன்றாகச் செய்யப் பழகியதும், "கல்யாணத்துக்கு நூறு பூ செய்து கொடு, ஒன்றுக்கு இரண்டு வெள்ளி தருகிறேன்" என்று யாராவது வருவார்கள். இருநூறு வெள்ளி பெரிய தொகையாகத்தான் தெரியும். ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

ஒரு பூவுக்கு 6 இலை. நூறு பூவுக்கு 600 இலை. ஓர் இலையைத் தேய்க்க 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 1,800 நிமிடம், அதாவது 30 மணி நேரம். கொதிக்கவைப்பதும் சாயமும் கட்டுவதும் இதில் சேரவில்லை. நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை 26 நாளுக்கும் நாளுக்கு 8 மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. எனவே 30 மணி நேரத்துக்கு 240 வெள்ளி. தேய்க்கும் கூலி மட்டுமே பூவுக்கு 2 வெள்ளி 40 சென். இரண்டு வெள்ளிக்கு விற்றால், மற்ற வேலைகளை இலவசமாகச் செய்துவிட்டு மேலே 40 சென்னும் கொடுத்து அனுப்புகிறோம் என்று பொருள்.

"வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்பார்கள். வீட்டில் இருக்கும் பெண்ணுக்குச் சும்மா இருக்கும் நேரம் எது? சமையலுக்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் இடையில் பிடுங்கிய நேரம் அது. இலை இலவசமாகக் கிடைப்பதால் உழைப்பும் இலவசமாகிவிடாது. ஆகவே விற்பதென்றால் சட்டம் போட்ட இலையை விற்பதே மேல். அதற்குத் தேவை ஓர் இலைதான். பூவுக்குக் கேட்டு வந்தால் மணிக்கணக்கைச் சொல்லி விலை பேசுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

அன்பளிப்புக்கும் இதே கணக்குப் பொருந்தும். நூறு பேருக்கு அவசர அவசரமாகச் செய்து கைவலியோடு கொடுப்பதைவிட, நான்கு பேருக்கு நிதானமாகச் செய்து கொடுங்கள். வாங்குகிறவர் கையில் கிடைப்பது உங்களுடைய அரைமணி நேரம். அது எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள்.

இந்த வாரம் பத்தே பத்து இலையில் தொடங்குங்கள். நான்கைந்து கிழியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். நல்லதாகத் தேறிய முதல் இலையை, அந்த மரத்தில் பால் வெட்டிய பெரியவர் யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவர் கையில் கொடுங்கள்.