பாதி வழியில் மாறும் விசா விதிகள்: எந்த நாளின் சட்டம் யாருக்குப் பொருந்தும்?

புதுடெல்லி: பிரிட்டனில் பணி விசாவில் வசிக்கும் வெளிநாட்டவர்கள் தற்போது ஐந்து ஆண்டுகளில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இக்காலத்தைப் பொதுவாகப் பத்து ஆண்டுகளாக உயர்த்தும் திட்டத்தை அந்நாட்டு உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் 2025 நவம்பர் 20 அன்று வெளியிட்டார். பட்டப்படிப்புத் தகுதி தேவைப்படாத பணிகளில் இருப்போருக்கு, குறிப்பாக முதியோர் இல்லங்களில் பணியாற்றும் பராமரிப்புப் பணியாளர்களுக்கு, இது 15 ஆண்டுகள்.

புதிதாக வருவோருக்கு மட்டும் இந்த மாற்றம் என்றிருந்தால் இவ்வளவு கலக்கம் எழுந்திருக்காது. ஏற்கெனவே அங்கு வசித்து, வரி செலுத்தி, இன்னும் நிரந்தர உரிமை பெறாமல் இருப்பவர்களையும் இது கட்டுப்படுத்தும் என்பதே திட்டத்தின் மையம். பராமரிப்புப் பணியாளர்களுக்கு பிரிட்டன் தனது விசா கதவைத் திறந்தது 2022 பிப்ரவரியில். அந்த ஆண்டின் நடுவில் இந்தியாவிலிருந்து சென்ற ஒருவர் 2027இல் நிரந்தர உரிமை கிடைக்கும் என்று கணக்கிட்டிருப்பார். புதிய திட்டம் அப்படியே நடைமுறைக்கு வந்தால் அந்த ஆண்டு 2037 ஆகிவிடும்.

இங்கே எழும் கேள்வி பிரிட்டனுக்கு மட்டும் உரியதன்று. ஒரு விதியை நம்பி நாடு பெயர்ந்தவர், பாதி வழியில் விதி மாறினால் எந்த நாளின் சட்டத்துக்கு உட்பட்டவர்? அவர் நாட்டுக்குள் நுழைந்த நாளா, விண்ணப்பம் அளித்த நாளா, அதிகாரி முடிவெடுத்த நாளா?

நுழைந்த நாள் என்பதே பெரும்பாலானோரின் எண்ணம். சட்டம் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை.

விதி எவ்வாறு மாற்றப்படுகிறது?

பிரிட்டனின் 1971ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி, விசாவுக்கான நிபந்தனைகளை வகுப்பவர் உள்துறை அமைச்சர். அவற்றை மாற்ற ஒவ்வொரு முறையும் தனி மசோதா கொண்டுவந்து விவாதித்து நிறைவேற்ற வேண்டியதில்லை. மாற்றங்கள் அடங்கிய அறிக்கையை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தால் போதும். 40 நாள்களுக்குள் ஏதேனும் ஓர் அவை தீர்மானம் நிறைவேற்றி எதிர்ப்புத் தெரிவித்தால் மட்டுமே அமைச்சர் அதனைத் திருத்த வேண்டும். தாக்கல் செய்த நாளிலிருந்து 21 நாள்கள் கழித்து நடைமுறைப்படுத்துவது மரபு. ஆண்டுக்குப் பலமுறை விதிகள் மாறுவதற்கு இந்த எளிய நடைமுறையே காரணம்.

விதி எளிதில் மாறும் என்பது ஒன்று. மாறிய விதி பழையவர்களையும் கட்டுப்படுத்துமா என்பது வேறொன்று. இந்த இரண்டாவது கேள்விக்கு பிரிட்டன் நீதிமன்றங்கள் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் இரு வேறு விடைகளை அளித்துள்ளன.

வென்றவர்களும் தோற்றவரும்

உயர் திறன் கொண்ட வெளிநாட்டவரை ஈர்ப்பதற்காக பிரிட்டன் 2002 ஜனவரியில் எச்எஸ்எம்பி என்ற திட்டத்தைத் தொடங்கியது. கல்வி, பணி அனுபவம், முந்தைய வருமானம் ஆகியவற்றுக்கு மதிப்பெண்கள் வழங்கப்பட்டன. வேலை வழங்கும் நிறுவனத்தின் ஆதரவுக் கடிதம் தேவையில்லை. ஆனால் பிரிட்டனையே தமது முதன்மை வசிப்பிடமாகக் கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இந்தியர்கள் பலர் இருந்த வேலையை விட்டு, குடும்பத்துடன் இடம்பெயர்ந்தனர்.

2006 நவம்பரில் அரசு மதிப்பெண் முறையை மாற்றியது. பணி அனுபவத்துக்கான மதிப்பெண் நீக்கப்பட்டது; வயதுக்கும் வருமானத்துக்கும் கூடுதல் எடை தரப்பட்டது. ஏற்கெனவே திட்டத்தில் இருந்தவர்களும் விசாவை நீட்டிக்க இந்தப் புதிய தேர்வில் வெல்ல வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2006 ஏப்ரல் 3 முதல், நிரந்தர உரிமைக்கான காலமும் நான்கு ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டிருந்தது.

பாதிக்கப்பட்டவர்கள் எச்எஸ்எம்பி ஃபோரம் என்ற அமைப்பின் பெயரில் வழக்குத் தொடுத்தனர். நாடாளுமன்ற மனித உரிமைகளுக்கான கூட்டுக்குழுவும் 2007இல் அரசின் முடிவைக் கடுமையாக விமர்சித்தது. 2008 ஏப்ரல் 8 அன்று லண்டன் உயர் நீதிமன்றம், திட்டத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் மீது புதிய நிபந்தனையைத் திணித்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ஓராண்டு கழித்து, 2009 ஏப்ரலில், இரண்டாவது வழக்கிலும் அவர்களுக்கே வெற்றி. 2006 ஏப்ரல் 3க்கு முன் திட்டத்தில் சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டுகளிலேயே நிரந்தர உரிமை கோரலாம் என்றானது.

இத்துடன் நின்றிருந்தால், நுழைந்த நாளின் விதியே செல்லும் என்று முடிவுகட்டலாம். ஆனால் அடுத்த மாதமே, 2009 மே 20 அன்று, பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் வேறொரு வழக்கில் நேர்மாறான முடிவை அறிவித்தனர். நைஜீரியாவில் படித்த மருத்துவர் ஒருவர் 2006 ஜனவரியில் முதுநிலைப் பயிற்சிக்காக விசா நீட்டிப்புக் கோரியிருந்தார். அன்றைய விதிப்படி அவருக்குத் தகுதி இருந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோதே, ஏப்ரல் 3 அன்று, பிரிட்டன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று விதி மாறியது. அதே மாத இறுதியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதிகாரி முடிவெடுக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதியே பொருந்தும். குடியேற்ற விதிகள் அரசின் கொள்கை அறிவிப்புகளே. அவை மாறாமல் நீடிக்கும் என்று எதிர்பார்க்க யாருக்கும் உரிமையில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இரு வழக்குகளுக்கும் இடையிலான வேறுபாடு எங்கே உள்ளது? எச்எஸ்எம்பி திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, திட்டம் மாறினாலும் அவர்கள் பாதிக்கப்படமாட்டார்கள் என்ற பொருளில் அரசின் வழிகாட்டுக் குறிப்புகளே எழுத்துமூலம் உறுதி அளித்திருந்தன. அந்த உறுதியை நம்பி அவர்கள் வாழ்க்கையை மாற்றிக்கொண்டிருந்தனர். நைஜீரிய மருத்துவரிடம் அத்தகைய உறுதிமொழி எதுவும் இல்லை. நம்பிக்கை என்பது இருவருக்கும் பொதுவாகவே இருந்தது; காகிதம் ஒருவரிடம் மட்டுமே இருந்தது.

இன்றைய பராமரிப்புப் பணியாளர்களின் நிலை எந்த வழக்கை ஒத்திருக்கிறது என்பதுதான் இப்போது வழக்கறிஞர்கள் முன்னுள்ள சிக்கல். ஐந்து ஆண்டுகளில் விண்ணப்பிக்கலாம் என்று விதியில் இருப்பது வேறு. அவ்விதி உங்களுக்காக மாற்றப்படாது என்று அரசு சொல்லியிருப்பது வேறு.

கோடு எங்கே கிழிக்கப்படுகிறது?

நீதிமன்றம் வரை செல்லாமல் அரசே பழையவர்களுக்கு விலக்கு அளிப்பதும் உண்டு. இதற்கு மாற்றக்கால ஏற்பாடு என்று பெயர். திறன்பணி விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை பிரிட்டன் 2024 ஏப்ரல் 4 அன்று 26,200 பவுண்டிலிருந்து 38,700 பவுண்டாக ஒரே தாவலில் உயர்த்தியது. 2025 ஜூலை 22 முதல் அது 41,700 பவுண்டு. அதேவேளை, 2024 ஏப்ரல் 4க்கு முன்பே அவ்விசாவில் இருந்தவர்களுக்கு 29,000 பவுண்டு என்ற தனி வரம்பு வைக்கப்பட்டது. இப்போது அது 31,300 பவுண்டு. குடும்பத்தினரை அழைத்துவர பராமரிப்புப் பணியாளர்களுக்கு 2024 மார்ச் 11 முதல் தடை விதிக்கப்பட்டபோதும், அதற்கு முன்பே அப்பணிக்கான விசாவில் இருந்தவர்களுக்குப் பழைய உரிமை தொடர்ந்தது.

இந்தக் கோட்டில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உள்ளது. விலக்குக் கிடைத்தது அந்தக் குறிப்பிட்ட விசாவில் இருந்தவர்களுக்கு மட்டுமே. நாட்டில் இருந்தவர்கள் அனைவருக்கும் அல்ல. 2022இல் முதுநிலைப் படிப்புக்குச் சென்ற ஓர் இந்திய மாணவரை எடுத்துக்கொள்வோம். படிப்பை முடித்து, பட்டதாரிகளுக்கான ஈராண்டு விசாவில் வேலை தேடுகிறார். 2024 ஏப்ரல் 4க்குப் பிறகு அவர் திறன்பணி விசாவுக்கு மாறினால், பழையவர் என்ற கணக்கில் வரமாட்டார். புதிதாகப் பணியில் சேர்வோருக்கான சலுகை வரம்பு மட்டுமே அவருக்கு உண்டு. அது அப்போது 30,960 பவுண்டு. தற்போது 33,400 பவுண்டு. அந்தச் சலுகைக்கும் நான்கு ஆண்டு உச்சவரம்பு உள்ளது. கல்விக்கடன் வாங்கும்போது அவர் போட்ட கணக்கு எதிலும் இந்த எண்கள் இருந்திருக்க வாய்ப்பில்லை. பட்டதாரி விசாவின் காலமும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதங்களாகக் குறைகிறது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு இதில் மாற்றமில்லை.

அமெரிக்காவில் வேறு வகைச் சிக்கல்

பிரிட்டனில் 21 நாள் மரபாவது இருக்கிறது. எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிக்கும் பிரகடனத்தில் அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் கையெழுத்திட்டது 2025 செப்டம்பர் 19 அன்று. அது நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 21 நள்ளிரவு கடந்தவுடன். வெளிநாட்டில் இருந்த ஊழியர்களை உடனே திரும்புமாறு பெருநிறுவனங்கள் அவசர மின்னஞ்சல் அனுப்பின. மறுநாள்தான் இது புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும், ஒருமுறை செலுத்தும் கட்டணம், ஏற்கெனவே விசா வைத்திருப்போருக்குப் பொருந்தாது என்று விளக்கம் வந்தது. அதற்குள் பலர் விடுப்பைப் பாதியில் முடித்து விமானம் ஏறியிருந்தனர். எச்-1பி ஒப்புதல்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்தியர்களுக்கே கிடைப்பதால் பதற்றமும் இங்குதான் மிகுதி.

அமெரிக்காவில் கூடுதல் குழப்பத்துக்குக் காரணம், வசிப்பதற்கான அனுமதியும் கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசாவும் தனித்தனி என்பது. பணிபுரியும் அனுமதி 2028 வரை இருக்கலாம்; ஆனால் விசா முத்திரை காலாவதியானவர் வெளியே சென்றால், தூதரகத்தில் புதிய முத்திரை பெறாமல் திரும்ப முடியாது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளை ஆராயும் நடைமுறை விரிவாக்கப்பட்டதால், இந்தியாவில் நேர்காணல் தேதிகள் பல மாதங்கள் தள்ளிப்போயின. முத்திரைக்காகவும் உறவினர்களைக் காணவும் வந்தவர்கள் வீடும் வேலையும் அங்கே, உடல் இங்கே என்ற நிலையில் சிக்கினர். மூன்றாவது நாடு ஒன்றில் முத்திரை பெறும் பழைய வழியும் 2025 செப்டம்பரிலேயே பெரும்பாலும் அடைக்கப்பட்டுவிட்டது.

கனடாவில் மாகாண அரசுகளும் இதில் பங்கு வகிக்கின்றன. பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணம் நிரந்தர வசிப்புக்கான தனது பரிந்துரைகளை 2024இல் குறைத்து, சுகாதாரம், கட்டுமானம் போன்ற துறைகளுக்கு முன்னுரிமை அளித்தபோது, கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரிந்த இந்திய இளைஞர்கள் சார்லட்டவுன் நகரில் போராட்டம் நடத்தினர். அவர்களின் கோரிக்கையும் இதுவே: ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்குப் பழைய விதி வேண்டும்.

விண்ணப்பத் தேதியின் முக்கியத்துவம்

பிரிட்டனில் அண்மைக்கால விதி மாற்றங்கள் பெரும்பாலும், அமலாகும் தேதிக்கு முன் அளிக்கப்பட்ட விண்ணப்பங்கள் பழைய விதிப்படியே பரிசீலிக்கப்படும் என்ற வாசகத்துடன் வருகின்றன. நைஜீரிய மருத்துவருக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது. எனவே, நடைமுறையில் விண்ணப்பத் தேதியே முக்கியமாகிறது. நிரந்தர உரிமைக்கு, உரிய காலம் நிறைவடைவதற்கு 28 நாள்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எந்த 12 மாதத்திலும் 180 நாள்களுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையை மறந்து, கடைசி நேரத்தில் தகுதி இழப்போர் உண்டு.

விசா முடிவதற்குள் நீட்டிப்புக் கோரிவிட்டால், முடிவு வரும் வரை பழைய அனுமதி அதே நிபந்தனைகளுடன் தானாகத் தொடரும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3சி பிரிவு இதற்கு வழிசெய்கிறது. ஒரு நாள் தாமதமானாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பமே திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். ஊரில் துக்கம் என்று புறப்பட்டு வருவோர் இதை அறியாமல் சிக்குவதுண்டு.

விதியே மாறாவிட்டாலும், ஆதரவு அளித்த நிறுவனத்தின் உரிமம் ரத்தானால் பணியாளரின் விசா பொதுவாக 60 நாள்களாகச் சுருக்கப்படும். தவறு நிறுவனத்துடையதாக இருந்தாலும் காலக்கெடு பணியாளருக்கே. பராமரிப்புத் துறையில் இது பலருக்கு நேர்ந்துள்ளது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களை நியமிப்பது நிறுத்தப்பட்டதால், நாடு திரும்பிவிட்டு மறுபடியும் அதே வழியில் செல்வதற்கும் இனி இடமில்லை.

நிரந்தர உரிமைக்கான புதிய திட்டத்தில் எல்லோரும் ஒரே தட்டில் வைக்கப்படவில்லை. அரசு மருத்துவச் சேவையில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஐந்து ஆண்டு வழி நீடிக்கும். அதிக ஊதியம் பெறுவோருக்குக் காலம் குறையும். அரசு உதவித்தொகை பெற்றோருக்குக் கூடும். ஒரே மருத்துவமனை வளாகத்தில் செவிலியருக்கு ஐந்து ஆண்டுகளும், தாதியருக்கு உதவும் பணியாளருக்கு 15 ஆண்டுகளும் என்றாகலாம். ஏற்கெனவே நிரந்தர உரிமை பெற்றுவிட்டவர்களுக்கு மாற்றம் இல்லை.

திட்டம் குறித்து 2026 பிப்ரவரி 12 வரை பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஏற்கெனவே அங்கு வசிப்போருக்கு மாற்றக்கால ஏற்பாடு வேண்டுமா என்பதும் அதில் இடம்பெற்றிருந்த கேள்விகளில் ஒன்று. பிரிட்டனில் வசிக்கும் இந்தியர்களும் இதற்கு இணையவழியில் பதில் அளிக்க வாய்ப்பு இருந்தது.